பலகையைப் படிப்போம்



குர்லா ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும். எப்போதும் கூட்டம். மேற்குப் பக்கம் இறங்குங்கள். எல்.பி.எஸ். மார்க் பக்கமாக நடந்து பாருங்கள். சி.எஸ்.டி. ரோடு வரைக்கும் போய்ப் பாருங்கள். வழியில் பங்கார் கடைகள் இருக்கும். இரும்பு ஒரு பக்கம் கிடக்கும். அட்டைப்பெட்டி ஒரு பக்கம். பிளாஸ்டிக் ஒரு பக்கம். ஏதாவது ஒரு மூலையில் மரச்சட்டங்களும் அடுக்கி இருக்கும்.

அந்த மரத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். குர்லாவுக்கு வந்து 20 வருடம் ஆகிறது. அவர் கணவர் ஒரு கோடவுனில் சுமை இறக்குகிறார். அங்கே உடைந்த மரச்சட்டங்களைச் சும்மாவே கொடுப்பார்கள். அக்கா அதை உடைத்து வெந்நீர் அடுப்பில் போடுவார்.

ஒரு நாள் அக்கா வகுப்புக்குத் தாமதமாக வந்தார். கண் சிவந்து இருந்தது.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"அடுப்புல ஒரு பலகை போட்டேன் தம்பி. ஒரே புகை. மருந்து நாத்தம். சின்னவனுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்" என்றார்.

"அந்தப் பலகையில் ஏதாவது எழுதி இருந்ததா?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏதோ கருப்பா முத்திரை இருந்துச்சு. நான் எங்க அதைப் படிச்சேன்?" என்றார்.

அந்தப் பலகையில் என்ன எழுதி இருந்தது? இனி யாருக்கும் தெரியாது. பலகை சாம்பலாகிவிட்டது.

அன்று நாங்கள் எடுத்த பாடம் வேறு. மறுநாள் எடுத்த பாடம் இதுதான். பலகையைப் படிப்பது எப்படி? படித்த பிறகு அந்தப் பலகையை என்ன செய்யலாம்?

பேலட் என்றால் என்ன?

அந்த மரச்சட்டத்துக்குப் பேலட் என்று பெயர். பார்ப்பதற்குச் சின்னக் கட்டில் போல இருக்கும். மேலே பலகைகள் வரிசையாக இருக்கும். கீழேயும் சில பலகைகள். நடுவில் கனமான சட்டங்கள் அல்லது கட்டைகள். எல்லாம் சேர்த்து ஆணி அடித்து இருக்கும்.

இது எதற்கு?

பழைய காலத்தில் சரக்கை மனிதர்கள் சுமந்தார்கள். மும்பையில் சுமை தூக்குபவர்களை மாத்தாடி என்று சொல்கிறோம். மராட்டியில் மாத்தா என்றால் தலை. தலையில் சுமப்பவர் மாத்தாடி. அவர்களுடைய வேலைக்கும் கூலிக்கும் பாதுகாப்பாக 1969-ல் மகாராஷ்டிர அரசு ஒரு தனிச் சட்டம் போட்டது.

பிறகு தூக்கு வண்டி வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக் கொண்டு இருக்கும். அந்தக் கை நுழைய இடம் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பேலட்டின் நடுவில் இடைவெளி விட்டார்கள். சரக்கைப் பேலட்டின் மேல் அடுக்குவார்கள். வண்டி தன் கையை இடைவெளியில் விடும். அப்படியே தூக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவச் சரக்கை ஏற்றி இறக்க இந்த முறை பெரிதாகப் பரவியது.

இன்று நிறையச் சரக்கு கப்பலில் கண்டெய்னரில் வருகிறது. நமக்குப் பக்கத்தில் நவா ஷேவா துறைமுகம் இருக்கிறது. அது 1989-ல் திறக்கப்பட்டது. அங்கே கண்டெய்னர் இறங்குகிறது. லாரியில் ஏறுகிறது. கோடவுனுக்கு வருகிறது. சரக்கு கடைக்குப் போகிறது. பேலட் மிஞ்சுகிறது. நல்ல பேலட்டை மறுபடியும் பயன்படுத்துவார்கள். உடைந்த பேலட் பங்கார் கடைக்கு வரும். அல்லது அடுப்புக்கு வரும்.

இது என்ன மரம்? வெளிநாட்டுப் பேலட் பெரும்பாலும் பைன் மரம். வெளிர் மஞ்சளாக இருக்கும். எடை குறைவு. இழைத்தால் பிசின் வாசனை வரும். நம் நாட்டுப் பேலட்டில் மாமரம், ரப்பர் மரம், பாப்ளர் போன்ற மரங்கள் இருக்கும். இவை தேக்கு அல்ல. ஆனால் இவை முழு மரம். தூளை ஒட்டிச் செய்த அட்டைப் பலகை அல்ல.

முத்திரை ஏன் வந்தது?

பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும் என்று சொன்னோம். அது ஏன் வந்தது? அதற்கு ஒரு கதை உண்டு. அது நடந்த கதை.

மரத்துக்குள் பூச்சி வாழும். பூச்சி இருக்கும் மரத்தில் பெட்டி செய்தால், பெட்டியோடு பூச்சியும் கப்பல் ஏறும். இன்னொரு நாட்டில் இறங்கும். அங்கே அந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் எதிரிகள் இல்லாமல் போகலாம். பூச்சி பெருகும். அந்த ஊர் மரங்களை அழிக்கும்.

1996-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் இது நடந்தது. நீண்ட மீசை கொண்ட ஒரு வண்டு அங்கே தெரு மரங்களைத் துளைத்தது. அது சீனாப் பக்கத்து வண்டு. சரக்கு கட்டிய மரத்தோடு வந்தது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டி வந்தது.

ஒரு நாடு மட்டும் இதைத் தடுக்க முடியாது. ஆகவே பல நாடுகள் கூடிப் பேசின. 2002-ல் ஒரு விதி செய்தன. சரக்கு கட்டும் முழு மரத்தில் இருக்கும் பூச்சியைக் கொல்ல வேண்டும். கொன்ற பிறகு முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகத்திலேயே தடுக்கலாம். இந்தியாவும் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறது.

பூச்சியைக் கொல்ல இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

முதல் வழி, சூடு. மரத்தை ஓர் அறையில் வைத்துச் சூடாக்குவார்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏற வேண்டும். அந்தச் சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் பூச்சி சாகும். இதில் மருந்து கிடையாது.

இரண்டாவது வழி, விஷ வாயு. மீத்தைல் புரோமைடு என்ற வாயுவை மரத்தின் மேல் செலுத்துவார்கள். இது பூச்சியைக் கொல்லும். ஆனால் மனிதனுக்கும் கெடுதல். நுரையீரலையும் நரம்பையும் தாக்கும். பூமிக்கு மேலே ஓசோன் என்ற படலம் இருக்கிறது. அதையும் இந்த வாயு கெடுக்கிறது. அதனால் உலக நாடுகள் இதன் பயன்பாட்டைக் குறைத்து வருகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2010-ல் நிறுத்திவிட்டன. சில நாடுகளில் ஏற்றுமதி மரத்துக்கு இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

எந்த வழி என்று எப்படித் தெரியும்? முத்திரை சொல்லும்.

முத்திரையைப் படிப்போம்

முத்திரை பேலட்டின் பக்கவாட்டில் இருக்கும். கனமான கட்டையில் பாருங்கள். ஒரு பக்கம் அழிந்து இருந்தால், எதிர்ப்பக்கம் பாருங்கள். மையால் அச்சடித்து இருக்கும். அல்லது சூட்டுக்கோலால் சுட்டு இருக்கும்.

ஒரு கட்டம் தெரியும். கட்டத்தின் இடது பக்கம் ஒரு தானியக் கதிர் படம் இருக்கும். வலது பக்கம் ஆங்கில எழுத்துகளும் எண்களும் இருக்கும். முதலில் நாட்டின் பெயருக்கு 2 எழுத்து. பிறகு மரத்தைப் பக்குவம் செய்த கம்பெனியின் எண். பிறகு எந்த வழி என்று காட்டும் 2 எழுத்து.

நாம் தேட வேண்டியது இந்தக் கடைசி 2 எழுத்தைத்தான்.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படாதீர்கள். நான்கு எழுத்தின் வடிவம் தெரிந்தால் போதும்.

எச்: இரண்டு கோடுகள் நேராக நிற்கும். நடுவில் ஒரு குறுக்குக் கோடு. ஒரே ஒரு படி உள்ள ஏணி போல இருக்கும்.

டி: ஒரு கால். அதன் தலையில் ஒரு குறுக்குச் சட்டம். ஒற்றைக் கால் மேசை போல இருக்கும்.

எம்: இரண்டு மலை பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

பி: நேராக ஒரு கோடு. அதன் வலது பக்கம் மேலே ஒரு வயிறு. கீழே ஒரு வயிறு.

ஏணியும் ஒற்றைக் கால் மேசையும் சேர்ந்து வந்தால் எச்.டி. சூடு ஏற்றிய மரம். இதை எடுக்கலாம்.

மலையும் இரண்டு வயிறும் சேர்ந்து வந்தால் எம்.பி. விஷ வாயு செலுத்திய மரம். இதை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம்.

வகுப்பில் ஒருவர் கேட்டார்: "வாயுதானே? காத்தோட போயிடாதா?"

நல்ல கேள்வி. பெரும்பகுதி போய்விடும். ஆனால் எச்.டி. மரம் கிடைக்கும்போது, குழந்தை சாய்ந்து படிக்கும் மேசைக்கு எம்.பி. மரம் எதற்கு? வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

எச்.டி. இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. முத்திரை ஒன்றை மட்டும்தான் சொல்லும். பூச்சியை எப்படிக் கொன்றார்கள் என்று சொல்லும். அதற்குப் பிறகு அந்தப் பேலட்டில் என்ன ஏற்றினார்கள் என்று சொல்லாது. சாயம் கொட்டி இருக்கலாம். அமிலம் சிந்தி இருக்கலாம். பூச்சி மருந்து ஒழுகி இருக்கலாம்.

இன்னொன்று. நம் நாட்டுக்குள்ளேயே சுற்றும் பேலட்டுக்கு முத்திரை கட்டாயம் இல்லை. ஆகவே பல பேலட்டில் முத்திரையே இருக்காது.

அப்போது கண்ணால் பாருங்கள். எண்ணெய்க் கறை, பச்சைக் கறை, நீலக் கறை இருந்தால் விடுங்கள். மருந்து நாற்றம் அடித்தால் விடுங்கள். கோடவுன்காரரிடம் கேளுங்கள்: "இதுல என்ன சரக்கு வந்துச்சு?" பதில் தெரியாவிட்டாலும் விடுங்கள்.

சின்ன ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டையில் இருந்து மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. இடுக்குகளைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருக்கலாம். அது ஒரு வீட்டுக்குள் வந்தால் சால் முழுவதும் பரவும்.

எரிக்க வேண்டாம்

சாயம் பூசிய மரத்தை எரிக்காதீர்கள். கறை பிடித்த மரத்தை எரிக்காதீர்கள். எம்.பி. மரத்தை எரிக்காதீர்கள். என்ன மரம் என்று தெரியாவிட்டால் அதையும் எரிக்காதீர்கள்.

நம் வீடு ஓர் அறை. ஜன்னல் சிறியது. புகை வெளியே போக நேரம் ஆகும். அதுவரை அந்தப் புகையைக் குழந்தைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

யாருடைய பேலட்?

தெருவில் கிடக்கிறது என்று எடுத்துவிடக் கூடாது. பேலட்டுக்கு உரிமையாளர் இருப்பார். நீல வண்ணம் பூசிக் கம்பெனி பெயர் எழுதிய பேலட் பெரும்பாலும் வாடகைப் பேலட். அதை யாரும் விற்கவும் முடியாது. வாங்கவும் கூடாது. திருட்டுப் பட்டம் வரும்.

கோடவுனில் சும்மா கொடுத்தால், கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒரு சின்னச் சீட்டு எழுதி வாங்குங்கள். "உடைந்த பேலட் 2 கொடுத்தோம்" என்று ஒரு வரி போதும். கீழே கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டலாம். அந்தச் சீட்டைப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும்.

பங்கார் கடையில் வாங்கினால் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பேலட் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பலகை இருக்கிறது. ஆனால் 4 பலகை பிளந்து இருக்கிறது. நல்ல பலகை 6. 120-ஐ 6-ஆல் வகுங்கள். ஒரு நல்ல பலகைக்கு 20 ரூபாய் ஆகிறது. இப்போது பேரம் பேசுங்கள். எண்ணாமல் பேரம் பேசாதீர்கள்.

பேலட்டைப் பிரிப்பது எப்படி?

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். 40 வருடமாக உளி பிடித்த கை. அவரை வகுப்புக்குக் கூப்பிட்டோம். முதலில் அவர் கேட்டது இதுதான்: "எல்லார் கால்லயும் செருப்பு இருக்கா?"

பேலட்டில் ஆணிதான் ஆபத்து. கனமான செருப்பு போடுங்கள். ஷூ இருந்தால் இன்னும் நல்லது. கையுறை போடுங்கள். குழந்தைகளைத் தூரமாக நிறுத்துங்கள். காலில் ஆணி ஏறினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி கேளுங்கள். துரு இல்லாத ஆணி குத்தினாலும் ஊசி தேவைப்படலாம்.

பேலட் ஆணி சாதாரண ஆணி அல்ல. அதன் உடம்பில் திருகு போல வரி வெட்டி இருக்கும். லேசில் வராது. பலகையின் நுனியைப் பிடித்து நெம்பினால் ஆணி வராது. பலகைதான் பிளக்கும். புதிதாகச் செய்பவர்கள் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

அண்ணாச்சி சொன்ன வழி இது.

1. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஆணிக்குப் பக்கத்தில் ஒரு மர ஆப்பை வையுங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கொஞ்சம் இடைவெளி விழும்.

2. அந்த இடைவெளியில் இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடை விடுங்கள். பிடிக்கும் பக்கம் துணியைச் சுற்றிக் கொள்ளுங்கள்.

3. ஆணியை அறுங்கள். பலகையை அறுக்காதீர்கள். பலகை முழுசாகக் கையோடு வரும்.

4. ஆணியின் தலை பலகையில் ஒட்டி இருக்கும். பலகையைத் திருப்புங்கள். ஆணியின் நுனியில் இன்னொரு ஆணியை வைத்துத் தட்டுங்கள். தலை வெளியே வரும். குறடால் பிடித்து இழுங்கள்.

5. எல்லா ஆணியையும் ஒரு டப்பாவில் போடுங்கள். எண்ணுங்கள். தரையில் ஒன்று கூடக் கிடக்கக் கூடாது. டப்பா நிறைந்தால் பங்காரில் போடலாம். அதற்கும் காசு உண்டு.

"மரத்துக்குள்ள ஒளிஞ்ச ஆணிதான் வாளோட பல்லை உடைக்கும்" என்றார் அண்ணாச்சி. அதற்கும் ஒரு வழி சொன்னார். பழைய ஸ்பீக்கரில் காந்தம் இருக்கும். அதை எடுத்துப் பலகை மேல் நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் இழுக்கும். அங்கே தோண்டிப் பாருங்கள்.

பலகையைத் தயார் செய்வோம்

பிரித்த பலகையைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஒரு நாள் வெயிலில் வையுங்கள். அடிக்கடி திருப்பிப் போடுங்கள்.

பிறகு நிழலில் அடுக்குங்கள். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் சின்னக் குச்சிகளை வையுங்கள். காற்று போக வேண்டும். மேலே கனமான கல்லை வையுங்கள். அப்போதுதான் பலகை வளையாது. இடம் இல்லாதவர்கள் மாளாவில் அடுக்கலாம். ஒரு வாரம் விடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் அதிக நாள் விடுங்கள்.

காய்ந்த பலகையை இழைப்புளியால் இழையுங்கள். மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வரி போகும் பக்கமே இழையுங்கள். எதிர்ப்பக்கம் இழைத்தால் மரம் பிய்ந்து வரும்.

இழைப்புளி இல்லையா? உப்புத்தாள் போதும். உப்புத்தாளின் பின்னால் எண் இருக்கும். முதலில் 80 எண் தாளால் தேயுங்கள். பிறகு 120 எண் தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். வீட்டுக்குள் தேய்க்க வேண்டாம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு டெஸ்க் செய்வோம்

நம் வீட்டில் நாற்காலி போட இடம் இருக்காது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிப்பார்கள். குனிந்து குனிந்து முதுகு வலிக்கும். தரையில் உட்கார்ந்தபடியே எழுத ஒரு சின்ன டெஸ்க் செய்யலாம்.

நீளம் 60 செ.மீ. அகலம் 40 செ.மீ. உயரம் 30 செ.மீ.

பேலட் பலகையின் நீளம் பெரும்பாலும் 100 செ.மீ. அல்லது 120 செ.மீ. இருக்கும். அகலம் ஏறக்குறைய 10 செ.மீ. தடிமன் ஏறக்குறைய 2 செ.மீ. நமக்கு 120 செ.மீ. பலகை 6 வேண்டும்.

முதல் 4 பலகை: ஒவ்வொன்றிலும் 60 செ.மீ. துண்டு ஒன்று, 40 செ.மீ. துண்டு ஒன்று வெட்டுங்கள். 60 செ.மீ. துண்டு மேலே போட. 40 செ.மீ. துண்டு பக்கத்தில் குறுக்காக அடிக்க. மீதி 20 செ.மீ. இருக்கும். பிளந்த நுனிகளை அந்தக் கணக்கில் கழியுங்கள்.

5-ஆவது பலகை: 28 செ.மீ. துண்டு 4 வெட்டுங்கள். இவைதான் கால்கள். 28-ஐ 4-ஆல் பெருக்கினால் 112. ஆகவே நுனி பிளக்காத நல்ல பலகையாக எடுங்கள்.

6-ஆவது பலகை: 60 செ.மீ. துண்டு ஒன்று. இது பின்பக்கத்துக்கு.

கால் 28 செ.மீ. அதன் மேல் பலகையின் தடிமன் 2 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 30 செ.மீ. உயரம் சரியாக வருகிறது.

இப்போது சேர்ப்போம்.

இரண்டு கால்களைத் தரையில் கிடத்துங்கள். வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 40 செ.மீ. இருக்க வேண்டும். மேல் நுனியில் ஒரு 40 செ.மீ. துண்டைக் குறுக்காக வையுங்கள். கீழே தரையில் இருந்து கொஞ்சம் மேலே இன்னொரு துண்டை வையுங்கள். பசை தடவி ஆணி அடியுங்கள். ஒரு பக்கம் முடிந்தது. இதே போல இன்னொரு பக்கமும் செய்யுங்கள்.

இரண்டு பக்கங்களையும் நிறுத்துங்கள். குறுக்குத் துண்டுகள் உள்பக்கம் இருக்கட்டும். பின்னால் 60 செ.மீ. பலகையைக் கால்களின் விளிம்பில் அடியுங்கள். இது இல்லாவிட்டால் டெஸ்க் இடமும் வலமும் ஆடும். கடைசியில் மேல் பலகைகள் 4-ஐயும் வரிசையாக வைத்து அடியுங்கள்.

ஓரத்தில் ஆணி அடித்தால் பலகை பிளக்கிறதா? ஆணியின் கூர்நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுங்க வையுங்கள். கூரான ஆணி மரத்தின் நாரைப் பிளந்து கொண்டு போகும். மழுங்கிய ஆணி நாரை நசுக்கிக் கொண்டு போகும். பிளப்பு குறையும். துளைபோடும் கருவி இருந்தால் ஆணியை விடச் சின்னத் துளை போட்டு அடியுங்கள்.

டெஸ்க் கோணல் இல்லாமல் இருக்கிறதா? மேல் பலகையில் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு நூல் பிடியுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடியுங்கள். இரண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் சரி.

கடைசியாக இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். கால்களின் அடியில் மறக்காமல் பூசுங்கள். நம் ஊரில் தரை ஈரம் அதிகம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சப்பாத்திப் பலகை, காய் வெட்டும் பலகை, குழந்தையின் தொட்டில் ஆகியவற்றை இந்த மரத்தில் செய்ய வேண்டாம். அவை உணவையும் வாயையும் தொடும் பொருள்கள்.

மழை சொன்ன பாடம்

2005 ஜூலை 26-ஆம் தேதியைக் குர்லாவில் யாரும் மறக்கவில்லை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருகியது. குர்லாவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. பெரியவர்கள் சொல்லிக் கேட்டு இருக்கிறேன்.

மரத்தூளை ஒட்டிச் செய்த மலிவான மேசை, அலமாரி எல்லாம் தண்ணீரில் ஊதிப் போகும். பிறகு உதிர்ந்து போகும். அதைத் திரும்பச் சரி செய்ய முடியாது. முழு மரம் நனைந்தால் காய வைக்கலாம். ஆணி ஆடினால் திரும்ப அடிக்கலாம். ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மழைக்கு நடுவில் வாழும் நமக்கு இது பெரிய வசதி.

அக்காவின் டெஸ்க்

வகுப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். அக்கா ஒரு கட்டையைத் தூக்கிக் கொண்டு வந்தார். மேசை மேல் வைத்தார்.

"தம்பி, இதைப் பாருங்க. ஏணி இருக்கு. ஒத்தைக் கால் மேசை இருக்கு. எச்.டி.தானே?"

"ஆமா அக்கா. எச்.டி.தான்."

"கோடவுன்ல 5 பேலட் கெடந்துச்சு. ஒண்ணொண்ணா முத்திரை பார்த்தேன். ரெண்டுல மலை இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன். அங்க இருந்த ஆளு, என்ன பார்க்குறேன்னு கேட்டாரு. படிக்கிறேன்னு சொன்னேன்."

அண்ணாச்சி உதவி செய்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் டெஸ்க் முடிந்தது. இப்போது சின்னவன் அதில்தான் எழுதுகிறான். ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. அதன் அடியில் அட்டை வைத்து இருக்கிறார்கள்.

முத்திரை இருந்த கட்டையை அக்கா எரிக்கவில்லை. வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வருபவர்களுக்கு அதை வைத்துத்தான் அந்த எழுத்துகளைச் சொல்லித் தருகிறோம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பேலட் மரத்தை என்ன செய்கிறார்கள்?

2. எச்.டி. என்றால் என்ன? எம்.பி. என்றால் என்ன?

3. முத்திரை இல்லாத மரத்தில் எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

4. ஒரு பேலட் 150 ரூபாய். அதில் நல்ல பலகை 5. ஒரு பலகைக்கு எவ்வளவு ஆகிறது?

5. இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பேலட்டைப் பாருங்கள். அதன் முத்திரையை உங்கள் நோட்டில் அப்படியே வரையுங்கள். நாளை வகுப்பில் காட்டுங்கள்.